ஒத்து ஊதும் பெடல்: லூப்பர், ஓவர்டப், ஒரு மேள செட்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம். ஒலித் துணுக்கு வரும் இடங்களை அடைப்புக்குறிக்குள் குறித்திருக்கிறோம்.)



2025 பிப்ரவரி 5-ம் தேதி சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல எட் ஷீரன் கச்சேரி நடந்துச்சு. உங்கள்ல சில பேர் அங்க இருந்திருப்பீங்க, மத்தவங்க ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. ஏ.ஆர்.ரஹ்மான் மேடைக்கு வந்து 'ஊர்வசி' பாடின அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் எல்லாரும் ஷேர் பண்ணாங்க. எனக்கு அதைவிடப் பிடிச்சது வேற. பெரும்பாலான நேரம் மேடையில ஒரே ஒரு ஆள், கையில ஒரு கிட்டார். கிட்டார் கட்டையில தட்டுறார், தாளம் வருது. கையை எடுத்த பிறகும் தாளம் நிக்கல. அது மேல ஒரு கார்டு, அதுக்கு மேல ஒரு ஹார்மனி. ரெண்டு நிமிஷத்துல ஒரு பேண்டே வாசிக்கிற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் செய்றது காலடியில இருக்குற லூப் ஸ்டேஷன்.

இன்னிக்கு எபிசோட் அந்தக் கருவியைப் பத்தி. ஆனா நான் அதை வச்சுச் சோதனை பண்ணது கிட்டாரோட இல்ல, நாதஸ்வரத்தோட. சென்னையிலயும் இல்ல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல.

எப்படின்னு சொல்லிடறேன். ஆடி மாசம் ரெண்டு வாரம் ராஜபாளையத்துல எங்க வீட்ல இருந்து வேலை பார்த்தேன். எங்க மாமாவுக்குத் தெரிஞ்ச நாதஸ்வர வித்வான் ஒருத்தர் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கார். அறுபதைத் தாண்டினவர். பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார், அதனால ஐயான்னே சொல்றேன். அவர் யூடியூப்ல யாரோ லூப்பர் வாசிக்கிறதைப் பார்த்துட்டு மாமாகிட்ட கேட்டிருக்கார்: "உங்க மருமகன் கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளதான? இந்தப் பொட்டிய நம்ம நாயனத்துக்குப் போட முடியுமான்னு கேளுங்க."

ஆடி மாசம் கல்யாண முகூர்த்தம் கிடையாது. கோயில் வேலை போக அவங்களுக்குச் சில சாயங்காலங்கள் கிடைச்சுது. நானும் ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிட்டு, பெடல், சின்ன மிக்ஸர், ரெண்டு மைக் எல்லாத்தையும் பைக்குள்ள போட்டுக்கிட்டு பஸ் ஏறிடுவேன். மூணு சாயங்காலம் ரெக்கார்ட் பண்ணோம்.

பெட்டிக்குள்ள என்ன நடக்குது

முதல்ல அடிப்படை. லூப்பர்னா கால்ல மிதிக்கிற ஒரு ரெக்கார்டர். முதல் மிதியில பதிவு ஆரம்பிக்கும். ரெண்டாவது மிதியில பதிவு முடிஞ்சு, வாசிச்சது அப்படியே திரும்பத் திரும்பச் சுத்தும். மூணாவது மிதியில இருந்து, சுத்திக்கிட்டு இருக்குறது மேல நீங்க புதுசா வாசிக்கிறதும் சேர்ந்து பதிவாகும். அதுதான் ஓவர்டப்.

நம்ம ஐ.டி. மக்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, அது ஒரு சர்க்குலர் பஃபர். சி.டி. தரத்துல ஸ்டீரியோ ஒலின்னா ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொண்ணும் 2 பைட், ரெண்டு சேனல். மொத்தம் 1,76,400 பைட். 6 செகண்ட் லூப்புக்கு 1 எம்.பி.க்குக் கொஞ்சம் மேல. அவ்வளவுதான்.

இதுல ஒரு சுவாரஸ்யம். அந்த 6 செகண்ட் மேல நீங்க நூறு லேயர் போட்டாலும் லூப் அதே 1 எம்.பி.தான். ஏன்னா சாதாரண ஒரு ட்ராக் பெடல்ல ஓவர்டப்புக்குன்னு தனி ஃபைல் கிடையாது. பழைய எண்ணையும் புது எண்ணையும் கூட்டி, அதே இடத்துல திருப்பி எழுதிடும். சிலேட்ல 5-ம் 3-ம் கூட்டி 8-னு எழுதிட்டு, 5-ஐயும் 3-ஐயும் அழிச்சிட்ட மாதிரி. அந்த 8-ஐப் பார்த்து, அது 5-ம் 3-மா, 6-ம் 2-மான்னு யாராலயும் சொல்ல முடியாது.

அண்டூ இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா சின்னப் பெடல்கள்ல அது கடைசியா போட்ட லேயரை மட்டும்தான் எடுக்கும். கிட் தெரிஞ்சவங்களுக்கு ஒரே வரி: ஒவ்வொரு கமிட்டும் முந்தினதோட ஸ்குவாஷ் ஆகிடுது, ரிவர்ட் ஒரு படிதான். நாலு லேயர் போட்ட பிறகு முதல் லேயர் சரியில்லைன்னு தோணினா, நாலையும் தூக்கிட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பாஸ் ஆர்.சி.-505 மாதிரி அஞ்சு தனித்தனி ட்ராக் இருக்குற மேஜைக் கருவிகள் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுலகூட ஒரே ட்ராக்குக்குள்ள போட்ட ஓவர்டப்புக்கு இதே கதைதான்.

லெஸ் பால் எதிர்த் திசையில யோசிச்சார்

இந்த வலி புதுசு இல்ல. அமெரிக்க கிட்டாரிஸ்ட் லெஸ் பால் 1948-ல 'லவர்'ங்கிற பாட்டை வெளியிட்டார். அதுல கேக்குற எட்டு கிட்டார் பகுதியும் அவர் ஒருத்தரே வாசிச்சது. டேப்கூட இல்ல, மெழுகு மாதிரிப் பூச்சு இருக்குற இசைத்தட்டுல பதிஞ்சு, அதை ஓடவிட்டு, கூடவே வாசிச்சு இன்னொரு தட்டுல பதிஞ்சு, அப்படியே எட்டு தடவை. அடுத்த வருஷம் பாடகர் பிங் கிராஸ்பி மூலமா ஒரு ஆம்பெக்ஸ் டேப் மெஷின் கிடைச்சுது. அதுல கூடுதலா ஒரு ஹெட் போட்டு, ஒரே டேப்ல பழசு மேல புதுசைப் பதிய ஆரம்பிச்சார். ஏழாவது லேயர்ல ஒரு விரல் பிசகினா முந்தின ஆறும் போச்சு.

அதோட இன்னொரு சிக்கல். டேப்ல ஒவ்வொரு தடவை நகல் எடுக்கும்போதும் தரம் குறையும். அதனால முக்கியம் இல்லாத பகுதிகளை முதல்லயே பதிஞ்சிடுவார். முக்கியமான மெலடியைக் கடைசியா, சுத்தமா வாசிப்பார். முதல் லேயர் மங்கிப் போகும்னு அவருக்குத் தெரியும்.

டிஜிட்டல் லூப்பர்ல இது தலைகீழ். நகல் மங்காது. முதல் லேயர் கடைசி வரைக்கும் அதே தெளிவோட உங்க காதுக்குள்ள இருக்கும். அது நீளத்தைத் தீர்மானிக்குது, வேகத்தைத் தீர்மானிக்குது, பின்னால வர்ற எல்லாமே அதுக்குக் கட்டுப்படணும். லெஸ் பாலுக்குக் கடைசி லேயர் எப்படியோ, நமக்கு முதல் லேயர் அப்படி.

நடுவுல 1970-கள்ல பிரையன் ஈனோவும் ராபர்ட் ஃப்ரிப்பும் வேற வழி பிடிச்சாங்க. ரெண்டு ரீவாக்ஸ் டேப் மெஷினைப் பக்கத்துல வச்சு, ஒண்ணுல பதியுற டேப்பை இழுத்து இன்னொண்ணுல ஓடவிட்டாங்க. ஒவ்வொரு சுத்துலயும் பழைய ஒலி கொஞ்சம் மங்கி, புதுசு முன்னால வரும். இன்னிக்குச் சில லூப்பர்ல ஃபீட்பேக்னோ டீகேன்னோ ஒரு திருகு இருக்கும். அது அந்த மங்குறதைத்தான் திரும்பக் கொண்டுவருது. உங்க பெடல்ல இருந்தா பயன்படுத்துங்க. பழசு தானா விலகி வழி விடும்.

ஒத்தும் ஜால்ராவும்

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். முழு நாதஸ்வர செட்னா ரெண்டு நாதஸ்வரம், ரெண்டு தவில், தாளம், ஒத்து. ஒத்துங்கிறது பார்க்க நாதஸ்வரம் மாதிரியே இருக்கும். ஆனா விரல் வச்சு வாசிக்கிற வேலை இல்ல. ஆதார சுருதியை மட்டும் விடாம ஊதிக்கிட்டே இருக்கணும். கன்னத்துல காத்தைத் தேக்கி, மூக்குல மூச்சு வாங்கி, ஒலி அறுந்துபோகாம மணிக்கணக்கா. தாளக்காரர் கையில ஜால்ரா, அவர் வேலை கணக்குத் தப்பாம தட்டுறது.

யோசிச்சுப் பாருங்க. ஒரே சுருதி விடாம, ஒரே தாளம் விடாம, அலுப்பே இல்லாம. லூப்பரோட வேலை இதேதான்.

நம்ம தமிழ் இந்த ரெண்டு பேரையும் வச்சு என்ன பண்ணியிருக்கு? மேனேஜர் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறவனை 'ஒத்து ஊதுறான்'னு சொல்றோம். இல்லைன்னா 'ஜால்ரா அடிக்கிறான்'. மேள செட்ல இருக்குற ரெண்டு இடம், ரெண்டுமே திட்டு வார்த்தை ஆயிடுச்சு. ஆனா ஐயா சொன்னது: "நான் எங்க அப்பாகிட்ட முதல்ல ஊதுனது ஒத்துதான். நாலு வருஷம். நாயனத்தக் கையில குடுக்கவே இல்ல." கத்துக்க வர்ற பையன் முதல்ல உட்காருற இடம் அதுதான். ராத்திரி முழுக்க பெரியவங்க வாசிக்கிறதைப் பக்கத்துல இருந்து கேட்டுக்கிட்டே, அவங்க எங்க மூச்சு வாங்குறாங்க, எங்க கண்ணைக் காட்டுறாங்கன்னு பார்த்துக்கிட்டே, ஒரே சுருதியை ஊதணும். வேற எந்த சிலபஸும் கிடையாது.

அப்புறம் சுருதிப் பெட்டி வந்துச்சு. பெங்களூர்ல ஜி.ராஜ்நாராயண் 1979-ல எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். மூச்சு வாங்க வேண்டாம், சாப்பாடு வேண்டாம், சுருதி விலகாது. ஒத்து ஊதுற ஆள் கொஞ்சம் கொஞ்சமா செட்ல இருந்து காணாமப் போனார். சின்னக் கோயில்கள்ல மோட்டார் மேளம் பார்த்திருப்பீங்க. தீபாராதனைக்கு சுவிட்சைப் போட்டா டிரம்மும் மணியும் தானா அடிக்கும். அதுவும் ஒரு ஹார்டுவேர் லூப்பர்தான், ஓவர்டப் பட்டன் மட்டும் இல்ல.

ஐயா கேட்டது இந்த வரிசையில அடுத்த படி. சின்ன விசேஷங்களுக்கு இப்பல்லாம் ஆறு பேரை யாரும் கூப்பிடுறது இல்ல. மூணு பேருக்குப் பேசுறாங்க, சில சமயம் ரெண்டு. தாளத்தையும் ரெண்டாவது நாயனத்தையும் பெட்டிக்குள்ள போட்டுட்டா, அவரும் தவில் அண்ணனும் மட்டும் போய் முழு செட் மாதிரி வாசிச்சிட்டு வரலாம். நியாயமான கணக்குதான்.

முதல் சாயங்காலம்: மைக்கும் வயரும்

லூப்பர் பெடல் கிட்டாருக்காகச் செஞ்சது. மைக்கை நேரா அதுல சொருக முடியாது. ஒரு சின்ன மிக்ஸர் வேணும். மைக் மிக்ஸருக்குள்ள வரும், மிக்ஸரோட ஆக்ஸ் சென்ட்ல இருந்து பெடலுக்குப் போகும், பெடல்ல இருந்து வர்றது மிக்ஸர்ல இன்னொரு சேனலுக்குத் திரும்பும். அந்தத் திரும்பி வர்ற சேனலோட ஆக்ஸ் திருகைப் பூஜ்யத்துல வைங்க. இல்லைன்னா பெடலோட ஒலி பெடலுக்குள்ளயே திரும்பப் போய் ஊளையிடும்.

இப்படி வச்சா இன்னொரு லாபம், எந்த மைக் லூப்புக்குள்ள போகணும், எது போகக் கூடாதுன்னு நீங்க முடிவு பண்ணலாம். சுருதிப் பெட்டியை நான் லூப்புக்குள்ள விடவே இல்ல. சுருதி தொடர்ச்சியான ஒலி. அதை வெட்டி ஒட்டினா, ஒட்டுன இடத்துல அலை பொருந்தாம, ஒவ்வொரு சுத்துக்கும் மெல்லிசா ஒரு 'டிக்' கேக்கலாம். கேளுங்க.

(ஒலி: லூப்புக்குள் பதிந்த சுருதி, நான்கு சுற்று)

இப்ப கேட்டீங்களா? அதனால சுருதிப் பெட்டி தனியா மிக்ஸருக்கு, தாளமும் நாதஸ்வரமும் மட்டும் லூப்புக்கு.

நாதஸ்வரத்துக்கு மைக்கை அணசுக்கு நேரா, பக்கத்துல வைக்காதீங்க. அது திறந்த வெளிக்காகப் பிறந்த வாத்தியம், மைக் திணறிடும். ஒலி துளைகள்ல இருந்தும் வருது. ஒரு மீட்டர் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல வச்சப்போதான் முழு நாதமும் கிடைச்சுது.

ரொம்ப முக்கியம்: ஓவர்டப் பண்ணும்போது ஸ்பீக்கரை அணைச்சிடுங்க. ஸ்பீக்கர்ல சுத்துற லூப் மைக்குக்குள்ள போய், லூப் தன்னையே மறுபடி பதிஞ்சுக்கும். நாலு சுத்துல எல்லாம் கூழாயிடும். ஹெட்போன்தான் வழி. ஐயாவுக்கு ஹெட்போன் பிடிக்கல, "காத மூடுனா நாயனம் எங்க இருக்குன்னே தெரியல"ன்னார். ஒரு காதுல மட்டும் மாட்டி, இன்னொரு காதைத் திறந்து விட்டோம். அது சரியா வந்துச்சு. ஸ்டுடியோவுல பாடுறவங்க நிறைய பேர் அப்படித்தான் வைப்பாங்க.

மின்விசிறியையும் நிறுத்துங்க. வேர்க்கும், பரவாயில்ல. ஏன்னா ஒவ்வொரு லேயரோடயும் அந்த அறையோட சத்தமும் சேர்ந்து பதியுது. நாலு லேயர்னா நாலு மின்விசிறி.

ரெண்டாவது சாயங்காலம்: ஒண்ணு விழுற இடம்

ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. நிமிஷத்துக்கு 80-ங்கிற வேகத்துல ஒரு எண்ணிக்கை முக்கால் செகண்ட். ஒரு ஆவர்த்தனம் சரியா 6 செகண்ட். லூப்பை மூடுற மிதி, எட்டாவது எண்ணிக்கை மேல விழக் கூடாது. அடுத்த ஆவர்த்தனத்தோட ஒண்ணு மேல விழணும். இதுதான் லூப்பர்ல கத்துக்க வேண்டிய முதல் வித்தை. பெரும்பாலான பெடல் கால் இறங்குற நொடியில வேலை செய்யும், கால் எடுக்கும்போது இல்ல.

0.1 செகண்ட் தாமதமா மிதிச்சா என்ன ஆகும்? லூப் 6.1 செகண்ட் ஆயிடும். ஒரு சுத்துல யாருக்கும் தெரியாது. ஆனா தவில்காரர் சரியான காலத்துல வாசிச்சுக்கிட்டுப் போனா, எட்டாவது சுத்துல 0.8 செகண்ட் விலகியிருக்கும். அதாவது ஒரு முழு எண்ணிக்கைக்கு மேல. இதைத் தவிர்க்கச் சில கருவிகள்ல குவான்டைஸ் இருக்கு, நீங்க மிதிச்சதைப் பக்கத்துல இருக்குற எண்ணிக்கைக்குத் தானா நகர்த்தி வைக்கும்.

நாங்க குவான்டைஸ் போடல, கிளிக்கும் போடல. ஐயாவோட பேரன் பதினொண்ணாவது படிக்கிறான், அவன் ஜால்ரா தட்டினான். ஐயா கையால தாளம் போட்டுக் காட்ட, ரெண்டு ஆவர்த்தனம் சும்மா தட்டவிட்டு, மூணாவதைப் பதிஞ்சோம். பெடலை மிதிச்சதும் அவன்தான்.

(ஒலி: ஜால்ரா, ஆதி தாளம், ஆறு சுற்று)

சுத்தமா விழுந்திருக்கு, இல்ல? இன்னொரு உத்தி: பதிவு முடியுற மிதிக்கு அப்புறம் பெடல் நேரா ஓவர்டப்புக்குப் போற மாதிரி அமைப்பு இருந்தா அதை வைங்க. ஜால்ராவோட கடைசித் தட்டல் அதிர்ந்துக்கிட்டே இருக்கும். அந்த வால் லூப்போட ஆரம்பத்துல வழிஞ்சு பதியும், வெட்டின மாதிரித் தெரியாது.

லேயர் மேல லேயர்

அடுத்து பல்லவி வரி. ஐயா ஒரு ஆவர்த்தனம் வாசிச்சுப் பதிஞ்சார். அது சுத்துறது மேல அவரே ரெண்டாவது நாதஸ்வரமா வாசிச்சார். இங்க லூப்பரோட எல்லை தெரிஞ்சுது. ஆலாபனைக்கு இந்தப் பெட்டி உதவவே உதவாது. ராகம் ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போகுது, ஆறு செகண்டுக்கு ஒரு தடவை வீட்டுக்குத் திரும்பி வராது. நிஜ செட்ல ரெண்டாவது நாதஸ்வரம் முன்னவர் விட்ட இடத்துல இருந்து எடுத்துக்கிட்டுப் போவார். லூப் எடுத்துக்காது, விட்டதையே திருப்பித் தரும்.

ஆனா பல்லவி வரி சுத்தும்போது தவில் அண்ணன் கோர்வை பழகினது அற்புதமா வந்துச்சு. இருபது நிமிஷம் ஒரே வரி. நிஜ மனுஷனை அப்படி வாசிக்கச் சொன்னா எந்திரிச்சுப் போயிடுவார்.

லேயர் போடும்போது இடம் பார்த்துப் போடுங்க. ஜால்ரா மேல, நாதஸ்வரம் நடுவுல, தவிலோட தொப்பி அடியில. ஒரே இடத்துல மூணு பேர் நின்னா யாரும் தெரியமாட்டாங்க. அளவும் முக்கியம். ஒரே ஒலியை ரெண்டு தடவை அச்சு அசலாக் கூட்டினா 6 டெசிபல் ஏறும். அதனால முதல் லேயரை நிரப்பி வைக்காதீங்க, மேல இடம் விட்டுப் பதியுங்க.

கடைசியா எடிட் பண்ண நினைச்சா, பெடல்ல இருந்து வர்றதை ஒரு ட்ராக்லயும், நேரடி மைக்குகளை வேற ட்ராக்லயும் லேப்டாப்ல பதிஞ்சு வைங்க. லூப்புக்குள்ள கலந்தது கலந்ததுதான், குறைஞ்சது நேரடி வாசிப்பாவது தனியா இருக்கும். இந்த எபிசோடை என்னால எடிட் பண்ண முடிஞ்சதே அதனாலதான்.

மூணாவது சாயங்காலம்: பையன் எங்க உட்காருவான்?

கடைசி நாள் நிகழ்ச்சி மாதிரியே வாசிச்சுப் பார்த்தோம். சுருதிப் பெட்டி, லூப்ல ஜால்ரா, ஐயா, தவில் அண்ணன். பேரன் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தான்.

மொதல்ல நல்லாத்தான் போச்சு. தவில் அண்ணன் ஒரு நீளமான கோர்வை எடுத்தார். முடிக்கிற இடத்துல ஐயா ஒரு நூல் அளவு காத்திருந்து, அண்ணனோட கடைசி அடி விழுந்த பிறகு பல்லவியை எடுத்தார். ரெண்டு பேரும் கண்ணைப் பார்த்துச் செஞ்ச விஷயம் அது, காலங்காலமா செஞ்சுக்கிட்டு வர்றது. ஜால்ரா காத்திருக்கல. அது பாட்டுக்கு அடுத்த ஆவர்த்தனத்துக்குப் போயிடுச்சு.

(ஒலி: கோர்வை முடியும் இடம், இருமுறை)

தவில் அண்ணன் கையை எடுத்துட்டார். "ஜால்ரா போடுற பையன் என் கையப் பார்ப்பான் தம்பி. இந்தப் பொட்டி எதப் பார்க்கும்?"

நான் தீர்வு சொல்ல ஆரம்பிச்சேன். ஒரு பெடலை நிறுத்தவும் மறுபடி தொடங்கவும் வச்சுக்கலாம், கோர்வை வரும்போது மிதிச்சு நிறுத்தி, ஒண்ணு விழும்போது மறுபடி மிதிக்கலாம். டெக்னிக்கலா அது சரியான பதில். லூப் வாசிக்கிறவங்க எல்லாரும் செய்றதுதான். அண்ணன் பொறுமையா கேட்டுட்டு, ஐயா பக்கம் திரும்பினார்.

"அதெல்லாம் மிதிக்கலாம்ணே. பொட்டி ஒத்த எடுத்துக்கிச்சு, சரி. இப்ப ஜால்ராவும் எடுத்துக்கிச்சுன்னா பையன் எங்க உட்காருவான்?"

ஐயா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. சீவாளியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் பேரனைப் பார்த்து, "எந்திரிச்சு வா, ஜால்ராவ எடு"ன்னார். பெடலை அணைக்கச் சொன்னார்.

(ஒலி: அதே கோர்வை, ஜால்ரா பேரன்)

கேளுங்க. பையன் ஒரு இடத்துல லேசா வேகம் எடுக்குறான். அண்ணன் தொப்பியில ஒரு அடி அழுத்தி வச்சு இழுத்துப் பிடிக்கிறார். கோர்வை முடியுற இடத்துல பையனும் காத்திருக்கான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல, அண்ணன் கையைப் பார்த்தான். இந்த முப்பது செகண்டை லூப்பர்ல என்னால செய்ய முடியாது. எந்த விலைக்கு வாங்கினாலும்.

இதை நான் மெஷினுக்கு எதிரான கதையா சொல்லல. அந்த வீட்லயே சுருதிப் பெட்டி இருபத்திநாலு மணி நேரமும் ஓடுது. பெடலை நான் திருப்பி எடுத்துட்டு வரவும் இல்ல, ஐயா வச்சுக்கிட்டார். முடிவு என்னன்னா, பெட்டி வீட்ல, பையன் மேடையில. ரெண்டு பேருக்குப் பேசுற விசேஷம் வந்தாலும் சனி, ஞாயிறா இருந்தா மூணாவதா பையனைக் கூட்டிக்கிட்டுப் போறது, அவனுக்குக் கொடுக்குறதை ஐயாவும் அண்ணனும் தங்கள் பங்குல இருந்து பிரிச்சுக் கொடுக்குறது. கணக்குப் பார்த்தா ரெண்டு பேருக்கும் நஷ்டம். தெரிஞ்சேதான் பேசி முடிச்சாங்க.

வீட்ல பெடல் என்ன பண்ணுது? தாத்தா பல்லவி வரியைப் பதிஞ்சு வச்சுட்டு வெளிய போறார். பையன் அது கூட சாதகம் பண்றான். தாத்தா பக்கத்துல இல்லாத நேரத்துல தாத்தா ஒத்து ஊதுறார், பேரன் நாயனம் வாசிக்கிறான். வரிசை மாறி உட்கார்ந்திருக்காங்க, அவ்வளவுதான்.

நீங்க ஆரம்பிக்கணும்னா

பெடல் வாங்குறவங்க ஒரு ட்ராக் இருக்குற சின்னதுலயே ஆரம்பிங்க. ஒரு மிதி, ஒரு அண்டூ. அதுக்கு மேல இருக்குற வசதி எல்லாம் அப்புறம் தேவைப்படும்போது.

முதல் வாரம் ஓவர்டப் போடாதீங்க. கையால தட்டி, கிளிக் இல்லாம, எட்டு எண்ணிக்கை மட்டும் பதிஞ்சு மூடிப் பழகுங்க. ஒட்டுன இடம் தெரியாத வரைக்கும். அப்புறம் அந்த ஒரு லேயரை பத்து நிமிஷம் சுத்தவிட்டு எதுவும் வாசிக்காம கேளுங்க. அலுப்பா இருக்கும். ஆனா அஞ்சாவது நிமிஷத்துல அதுல எங்க இடம் காலியா இருக்குன்னு காது காட்ட ஆரம்பிக்கும். ஒத்து ஊதுன பையனுக்குக் கிடைச்ச பயிற்சி அதுதான்.

மூணு லேயரோட நிறுத்துங்க. நாலாவதை நேரடியா வாசிங்க. எல்லாத்தையும் லூப்புக்குள்ள போட்டுட்டா கேக்குறவங்களுக்கு நீங்க எதுக்கு?

கடைசியா, வாரத்துல ஒரு நாள் பெடலை வீட்ல வச்சுட்டு, யாராவது வாசிக்கிற இடத்துக்குப் போய் அவங்களுக்குத் தாளம் போடுங்க. ஃப்ரெண்டோட ஜாமிங் ஆகட்டும், அப்பார்ட்மென்ட் பஜனை ஆகட்டும். அடுத்த தடவை யாராவது உங்களைப் பார்த்து ஜால்ரான்னு சொன்னா, தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடுங்க.

இந்த எபிசோடுக்காக மூணு சாயங்காலம் நேரம் கொடுத்த ஐயாவுக்கும், தவில் அண்ணனுக்கும், தம்பிக்கும், ஒவ்வொரு நாளும் பையில பால்கோவா கட்டிக் கொடுத்த அந்த வீட்டு அம்மாவுக்கும் நன்றி. நீங்க லூப்பர்ல ஏதாவது வாசிச்சிருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, நல்லா இருக்குறதை அடுத்த எபிசோட்ல போடறேன். ஹெட்போன் போட்டு ரெக்கார்ட் பண்ணுங்க, மின்விசிறியை மறக்காம நிறுத்துங்க.